‘ஷோர்’ என்று ஒரு சொல்

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் உலோகப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் ஸ்வீடனில் ஓர் உருக்காலையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவர். வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று, பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். – ஆசிரியர் குழு)



சங்கம் ஏற்பாடு செய்யும் எலும்பு அடர்த்தி முகாமுக்கு முன்னால் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை. இரும்பு எப்போது உடையும், ஏன் உடையும் என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன். ஆனால் இரும்பும் எலும்பும் உடைவதற்கு ஸ்வீடிஷ் மொழியில் ஒரே உரிச்சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

சொல், ‘ஷோர்’. ஹிந்தி தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். ஹிந்தி ஷோர் என்றால் சத்தம். மேல் வீட்டுச் சத்தத்தைப் பற்றிய புகார் இல்லை இது, பயப்பட வேண்டாம். எழுத்தில் பார்த்தால் ‘ஸ்கோர்’ என்று படிக்கத் தோன்றும். ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். முதல் ஒலி நம் ஷ-வுக்கும் ஹ-வுக்கும் நடுவில், சூடான காபியை ஊதுவது போல வரும். உயிரெழுத்துக்கு, ‘ஓ’ சொல்வதற்கு உதட்டைக் குவித்துக்கொண்டு வாய்க்குள் ‘ஏ’ சொல்லுங்கள். இப்போது அறையில் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். ஸ்வீடிஷில் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை. அந்த வகைக்கு ஏற்ப உரிச்சொல்லின் வாலும் மாறும். ஒரு வகைக்கு ‘ஷோர்’. மற்ற வகைக்குக் கடைசியில் ஒரு ‘ட்’ சேர்ந்து ‘ஷோர்ட்’. பன்மைக்கு ‘ஷோரா’. கண்ணாடி இரண்டாம் வகை, அதனால் ‘ஷோர்ட்’. இரும்பும் இரண்டாம் வகை. அந்த ‘ட்’டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்ன? சட்டென்று உடையக்கூடியது என்பது அகராதி விளக்கம். ஆனால் எதையெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். கண்ணாடி ஷோர். முட்டை ஓடு ஷோர். பாட்டி காலத்துப் பட்டுத் துணி மடிப்பில் கீறிக்கொண்டு போகிறதே, அதுவும் ஷோர். மஞ்சளாகிப்போன பழைய காகிதம் ஷோர். பிளவுபடும் நகம், அடிக்கடி மூக்கில் ரத்தம் வரவைக்கும் மெல்லிய ரத்தக் குழாய், வயதானவர்களின் காகிதம் மாதிரியான தோல், எல்லாம் ஷோர். நம் ஊரில் நூலிழையில் தொங்குகிறது என்கிறோம் இல்லையா, அங்கே அது ‘ஷோர் நூலில் தொங்குகிறது’. போர்நிறுத்தம் ஷோர். அன்பானவரை இழந்து ஒரு மாதம் ஆன மனிதரும் ஷோர்.

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. அது குறையில்லை, வசதி. நாம் பொருளுக்குப் பொருள் வேறு வினை வைத்திருக்கிறோம். கண்ணாடி உடையும், அப்பளம் நொறுங்கும், கிளை முறியும், துணி இற்றுப்போகும், ஏ பிளாக் படிக்கட்டுச் சுவர்ப் பூச்சு உதிரும். எப்படி அழியும் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. ஸ்வீடிஷ்காரர்கள் இத்தனை அழிவுகளுக்கும் பொதுவாக உள்ளதை எடுத்து ஒரு சொல்லில் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பொதுவான விஷயம் என்ன? இவை எதுவும் உடைவதற்கு முன்னால் வளைந்து காட்டுவதில்லை. முன்னறிவிப்பு இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்றைக்கு இரண்டு துண்டு.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் மூன்று உண்டு. பார்சல் பெட்டியில் ஒட்டும் சிவப்புச் சீட்டில் இருப்பது ‘ஓம்தோலிக்’. ‘ஓம்’ என்றால் தொட்டாலே வலிக்கிற மாதிரி மென்மையானது. ‘தோலா’ என்றால் தாங்குதல். பார்த்துப் பக்குவமாகக் கையாள வேண்டியது என்பது பொருள், கையாளுகிறவனுக்குச் சொல்வது. ‘பிரெக்லிக்’ இன்னொன்று, உடைத்தல் என்ற வினையோடு சேர்ந்தது, கொஞ்சம் எழுத்து நடை. ஆட்டம் காணும் உடல்நிலை, ஆட்டம் காணும் சமாதானம், இவற்றுக்கு வரும்.

மூன்றாவது ‘ஸ்ப்ரோட்’. இதுதான் வேடிக்கை. இதற்கும் நொறுங்கக்கூடியது என்றுதான் பொருள். ஆனால் பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. மொறுமொறுவென்று இருக்கிறது என்று அர்த்தம். ஸ்வீடிஷ்காரர்கள் தினமும் கடிக்கும் ரை தானிய வறட்டு ரொட்டி, நம் அப்பளம், இரண்டுக்கும் இந்தச் சொல் பொருந்தும். பொறியாளர்களும் இதையே எடுத்துக்கொண்டார்கள். வார்ப்பிரும்பு ஸ்ப்ரோட், வளையாமல் முறிவது ‘ஸ்ப்ரோட் முறிவு’. ஒரு சிறுமியின் மெல்லிய, தூய குரலும் ஸ்ப்ரோட். எனக்குத் தெரிந்தவரை, ஸ்ப்ரோட் என்றால் நொறுங்குவதை ரசிக்கலாம் அல்லது அளக்கலாம். ஷோர் என்றால் கவலைப்பட வேண்டும். பாத்திரத்தைத் தூக்கும் கை கொஞ்சம் நடுங்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் அந்த ‘ட்’ வேலை செய்யப்போகிறது.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நல்ல இரும்புக்குப் பெயர் போன நாடு ஸ்வீடன். கட்டி கட்டியாக, பாளம் பாளமாகக் கப்பலில் போகும். வாங்குகிற கொல்லன் இரண்டு சோதனை செய்வான். ஒரு துண்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சி அடித்துப் பார்ப்பான். ஓரத்தில் விரிசல் விட்டால் அதற்குப் பெயர் ‘ரோட்ஷோர்ட்’. ரோட் என்றால் சிவப்பு. சிவந்த சூட்டில் ஷோர். இன்னொரு துண்டை ஆறவிட்டுப் பட்டறைக் கல்லின் விளிம்பில் வைத்து வளைத்துப் பார்ப்பான். பட்டென்று முறிந்தால் ‘கல்ஷோர்ட்’. குளிரில் ஷோர்.

இரும்பு இரண்டாம் வகைப் பெயர்ச்சொல், அதனால் ‘ட்’ சேர்ந்தது. ஆங்கிலேயக் கொல்லன் காதில் ‘ஷோர்ட்’ என்பது அவன் ஊர் ‘ஷார்ட்’ என்றே விழுந்தது. ஆங்கில உலோகவியலில் இன்றைக்கும் ‘ரெட்-ஷார்ட்’ என்ற சொல் உண்டு. கல்லூரியில் படித்தபோது, குட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தமே இல்லை. அது ஸ்வீடிஷ் சொல்லின் இலக்கண வால். எளிதில் உதிர்வதற்கு ‘ஷார்ட்’ என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் முன்பே இருந்ததால் இது சந்தேகமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த இரண்டு நோய்க்கும் காரணம் வேறு வேறு. சிவந்த சூட்டில் உடைவது கந்தகத்தால். இரும்பு என்பது உள்ளே பார்த்தால் நெருக்கமாக அடுக்கிய சிறு மணிகள். கந்தகம் இரும்போடு சேர்ந்து அந்த மணிகளுக்கு நடுவில் மெல்லிய படலமாகப் படிந்துகொள்ளும். சுமார் 1000 டிகிரி செல்சியஸிலேயே அந்தப் படலம் உருகிவிடும். மணிகள் இன்னும் கெட்டியாகவே இருக்கும். செங்கல் கெட்டி, நடுவில் பூசிய சிமென்ட் மட்டும் தண்ணீர். அந்த நிலையில் சுத்தியலால் அடித்தால் சுவர் என்ன ஆகும்? அதே இரும்பு ஆறிய பிறகு ஒழுங்காக இருக்கும்.

பாஸ்பரஸ் நேர் எதிர். காய்ச்சும்போது தங்கமான பிள்ளை. சொன்னபடி வளையும், நீளும், அழகாக ஒட்டும். கருவி செய்து கொடுத்து, வாங்கியவன் பணம் கொடுத்து, ஜனவரி மாதக் காலையில் மரம் வெட்டப் போகும்போது கோடரி இரண்டாகப் போகும்.

ஆக, ‘இந்த இரும்பு ஷோர்’ என்று சொன்னால் ஸ்வீடிஷ் கொல்லனுக்குப் பாதிச் செய்திதான். எப்போது என்று கேட்பான். சூட்டிலா, குளிரிலா? அதைச் சொல்லின் முன்னாலேயே ஒட்டிவைத்தார்கள். என் தொழிலில் நான் பார்த்தவற்றில் இது மிகப் புத்திசாலித்தனமான சொல்லாக்கம். உடைவது பொருளின் குணம் மட்டுமில்லை, எந்தச் சூழலில் அதன்மேல் அடி விழுகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

உப்சாலாவுக்கு வடக்கே டான்னமூரா என்று ஒரு சுரங்கம். அங்கே கிடைத்த தாதுவில் கந்தகமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. கந்தகத்தைக் கட்டிப்போடும் மாங்கனீஸும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வலூன் கொல்லர்கள் அதை அடித்துத் தேனிரும்பு ஆக்கினார்கள். ஓரெகிரண்ட் என்ற சிறு துறைமுகம் வழியாகப் போனதால் இங்கிலாந்து வியாபாரிகள் அதை ‘ஓர்கிரவுண்ட்ஸ்’ இரும்பு என்றார்கள். ஷெஃபீல்ட் நகரத்து எஃகுப் பட்டறைகள் அதிக விலை கொடுத்து வாங்கியது இதைத்தான். ஸ்வீடனின் வடகோடியில் கிரூனா மலை முழுக்க இரும்பு இருந்தும் அது நெடுங்காலம் சும்மா கிடந்ததற்கு ரயில் இல்லாதது ஒரு காரணம். தாதுவில் பாஸ்பரஸ் நிறைய இருந்தது இன்னொரு காரணம். 1870-களின் கடைசியில் பிரிட்டனில் தாமஸ், கில்கிறிஸ்ட் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் பாஸ்பரஸைப் பிரிக்கும் உலை முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த மலைக்கு மதிப்பு வந்தது.

கல்ஷோர்ட் இரும்பின் ரகசியத்தை உப்சாலா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டோர்பெர்ன் பெர்க்மன் 1780-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அதில் ஒரு புது உலோகம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார். அது இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்த பொருள்தான் என்று சில ஆண்டுகளில் மற்றவர்கள் காட்டினார்கள். நான் சொல்லவந்தது வேறு. அதே உப்சாலாவில் 1788-இல் ஊலோஃப் யாக்கோப் எக்மன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வேடு கொடுத்தார். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சிறு அடிக்கே எலும்பு உடைவதைப் பற்றியது. பிறவியிலேயே வரும் அந்த நோய்க்கு ஸ்வீடிஷில் இன்றைய பெயர் ‘பிறவிப் பேன்ஷோர்ஹேத்’. உடையும் இரும்பும் உடையும் எலும்பும், ஒரே ஊரில், பத்தாண்டுக்குள்.

‘பேன்’ என்றால் எலும்பு. நம் ஊரில் தலையில் ஏறுவது; அங்கே உள்ளே இருப்பது. காலுக்கும் அதே சொல்தான். ‘ஹேத்’ என்றால் நம் ‘தன்மை’ மாதிரி ஒரு விகுதி. பேன்ஷோர்ஹேத், எலும்பு-ஷோர்-தன்மை. பிறவியில் இல்லாமல் வயதில் வருவதற்கும் அதேதான் பெயர். ஆங்கில மருத்துவத்தில் ஆஸ்டியோபோரோசிஸ். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட ஸ்வீடிஷ் பாட்டிக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் விஷயம் புரிந்துவிடும்: என் எலும்பு, பழைய கண்ணாடிச் சாமான் மாதிரி.

நாம் என்ன சொல்கிறோம்? ‘எலும்புத் தேய்மானம்’. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தேய்மானம் என்றவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? முழங்கால் வலி. படி ஏறும்போது கடகடவென்று சத்தம். மெல்ல மெல்லத் தேய்வது, வலித்து வலித்துச் சொல்லிக்கொண்டே தேய்வது. அது மூட்டுத் தேய்மானம், குருத்தெலும்பின் சங்கதி, வேறு நோய். எலும்பு அடர்த்தி குறைவது வலிக்காது. ஆண்டுக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாது. பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்த அன்றைக்குத்தான் பேசும். சிலருக்கு முதுகெலும்பில் ஒரு வில்லை நசுங்கி, உயரம் குறைந்து, கூன் விழுந்த பிறகு தெரியும். ‘எனக்கு முட்டி வலியெல்லாம் இல்லை, எனக்கு எதுக்கு இந்த முகாம்?’ என்று லிஃப்டில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டு நோய்க்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற நம் பழக்கம் அப்படிக் கேட்க வைக்கிறது. டாக்டர்கள் ‘எலும்புப் புரை’ என்றும் எழுதுகிறார்கள். அது சரியான சொல்தான், ஆனால் வீட்டில் யார் சொல்கிறோம்?

எலும்பு ஏன் ஷோர் ஆகிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். அசைவம் சமைக்கும் வீடுகளில் ஒரு கோழிக்கால் எலும்பைக் கழுவி வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து, மிஞ்சுவது ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்றைத் தணலில் போட்டு வெள்ளையாகும்வரை சுடுங்கள். உருவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். வளைவது கொலாஜன் என்ற நார், கெட்டியாக நிற்பது உப்பு. நல்ல எலும்பு இரண்டும் சேர்ந்த கான்கிரீட். வயதாகும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேலை வேகமாகவும் புதிது கட்டும் வேலை மெதுவாகவும் நடக்கிறது. உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, சில இழைகள் அறுந்தே போகின்றன.

இடுப்பெலும்பு முறிவு உலகிலேயே அதிகமாக நடக்கும் பகுதிகளில் ஒன்று ஸ்காண்டிநேவியா. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் ஸ்வீடனில் ஆண்டுக்கு 15,000-க்கு மேல். அதற்கென்றே 1988 முதல் ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். யாருக்கு முறிந்தது, எத்தனை மணி நேரத்தில் அறுவை சிகிச்சை, பிறகு நடந்தாரா, எல்லாம் அதில் உண்டு. அங்கே இந்தச் சொல் வீட்டுச் சொல்லாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இதே சொல் மனிதர்கள்மேல் முழுதாக ஏறிய கதையையும் சொல்ல வேண்டும். அது அவ்வளவு இனிமையானது இல்லை.

முதியோர் மருத்துவத்தில் ‘ஷோர்ஹேத்’ என்பது ஒரு துறைச்சொல். நாம் அழகாகத் ‘தள்ளாமை’ என்கிறோமே, அது. 2001-இல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவர் குழு இதற்கு ஐந்து அடையாளம் சொன்னது: தானாக எடை குறைதல், களைப்பு, பிடியில் பலக்குறைவு, நடை தளர்தல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் தள்ளாமை. கவனியுங்கள், இதில் வயது இல்லை. 82 வயதில் தள்ளாமை இல்லாதவரும் உண்டு, 66-இல் உள்ளவரும் உண்டு. இதை ஸ்வீடனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோதன்பர்க் நகரில் 1971 முதல் 70 வயதுக்காரர்களை அழைத்து அளந்துகொண்டே இருக்கிறார்கள். அன்றைய 70-ஐவிட இன்றைய 70 எவ்வளவோ திடமாக இருக்கிறது என்று கண்டவர்களே அவர்கள்தான்.

2020 மார்ச் 16 அன்று அந்த நாட்டின் பொதுச் சுகாதார முகமை, 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் பிறரோடு நெருங்கிப் பழகுவதைக் குறைக்கச் சொன்னது. அக்டோபர் 22 வரை அது நீடித்தது. நோய் அப்படி, எச்சரிக்கை தேவைதான். ஆனால் மொழியில் ஒன்று நடந்தது. உரிச்சொல்லின் முன்னால் ஒரு ‘டொம்’ போட்டால் ஸ்வீடிஷில் அது பெயர்ச்சொல் ஆகிவிடும். ‘டொம் ஷோரா’, அந்த ஷோர்க்காரர்கள். நம் ‘முடியாதவங்க’ மாதிரி. பேட்டிகளிலும் செய்திகளிலும் ‘நம்மில் மிகவும் ஷோரானவர்களைக் காப்போம்’ என்ற வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் பனிச்சறுக்கு போகிற 73 வயதுக்காரரும் அதில் அடக்கம், படுக்கையில் இருக்கும் 95 வயதுக்காரரும் அடக்கம். சூட்டிலா குளிரிலா என்று கேட்ட கொல்லனின் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு கொரோனாவில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். மாட்ஸ் மெலின் தலைமையில் அரசு அமைத்த விசாரணை ஆணையம் டிசம்பர் 15 அன்று முதல் அறிக்கை கொடுத்தது. முதியவர்களைக் காக்கும் முயற்சி தோற்றுவிட்டது என்றது. சமூகத்தில் தொற்று பரவியது முதல் காரணம். அதோடு, இல்லங்களில் போதாத ஊழியர், மணிக்கணக்கில் கூலி வாங்கி இடம் மாறிக்கொண்டே இருக்கும் வேலையாட்கள், மருத்துவரும் செவிலியரும் பற்றாக்குறை, இவையெல்லாம் ஆண்டுக்கணக்காகத் தெரிந்தே இருந்த ஓட்டைகள் என்றது. என் வாசிப்பு இது: ஷோர் என்ற சொல்லைத் தவறான இடத்தில் ஒட்டியிருந்தார்கள். வெளியில் பார்க்கப் பளபளவென்று இருந்த அந்த அமைப்புதான் கல்ஷோர்ட். சாதாரண நாளில் நன்றாகவே வளைந்து கொடுத்தது, அடி விழுந்த அன்றைக்கு முறிந்தது. முதியவர்களுக்குச் சூட்டிய பெயர் அந்த இல்லங்களுக்குப் பொருந்தியிருக்கும்.

ஆனால் அதே சொல்லை ஒருவர் தனக்கே சொல்லிக்கொள்ளும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. ‘யோக் ஏர் லீத்தெ ஷோர் யுஸ்த் நூ’ என்பார்கள். நான் இப்போதைக்குக் கொஞ்சம் ஷோராக இருக்கிறேன். கணவரை இழந்தவர், வேலைப் பளுவில் நொந்துபோய் மூன்று மாத விடுப்பு முடித்துத் திரும்பியவர், இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்வார்கள். கேட்டவர்களும் ஏன், என்ன என்று குடைய மாட்டார்கள். கொஞ்ச நாள் மெதுவாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். ‘இப்போதைக்கு’ என்பதைக் கவனித்தீர்களா? அதுவும் கொல்லனின் கேள்விக்குப் பதில்தான்.

பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(முகாமில் செய்யும் பரிசோதனை போதுமா என்று இ பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டதற்குச் சொன்ன பதில்:)

நல்ல கேள்விம்மா. முகாம்களில் பெரும்பாலும் குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள். அது வடிகட்டிப் பார்ப்பதற்குத்தான். நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்பது உலக சுகாதார நிறுவனம் சார்பில் 1994-இல் வகுத்த அளவு. அந்த எண் மட்டும் போதாது என்று, அடுத்த பத்து ஆண்டில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் ‘ஃப்ராக்ஸ்’ என்ற முறை 2008-இல் வந்தது. எங்கிருந்து தெரியுமா? ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம், ஜான் கானிஸ் என்ற பேராசிரியர். உடன் உழைத்தவர்களில் மால்மோவின் ஊலோஃப் யூனெல், கோதன்பர்கின் ஆண்டர்ஷ் ஊடேன் என்ற ஸ்வீடிஷ்காரர்கள் இருந்தார்கள். ஓர்கிரவுண்ட்ஸ் இரும்பு வாங்கிய அதே ஊர்.

ஃப்ராக்ஸ் இணையத்தில் இலவசம், இந்தியாவுக்கென்று தனிக் கணக்கும் உண்டு. ஸ்கேன் இல்லாமலும் போடலாம். கேட்பது எல்லாம் எளிய விஷயங்கள்: வயது, ஆணா பெண்ணா, எடை, உயரம், பெரியவரான பிறகு சின்ன அடிக்கே எலும்பு முறிந்ததா, புகை, மது உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டீர்களா, முடக்குவாதம் உண்டா. பிறகு ஒரு கேள்வி வரும், அங்கேதான் எல்லோரும் விழிக்கிறார்கள்: உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்ததா? ‘விழுந்தாங்க, அப்புறம் படுக்கையிலேயே இருந்து போயிட்டாங்க’ என்பது வரைதான் நமக்கு ஞாபகம் இருக்கும். முறிந்தது இடுப்பா தொடையா என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டோம். முகாமுக்கு வருவதற்கு முன்னால் அண்ணனையோ அக்காவையோ ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.